கொல்லாமல் விட்ட முப்பத்திரண்டு பலகைகள்

எங்கள் தாமான் குடியிருப்பில் பிரேமலாவை இப்போது யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அம்மா" என்கிறார்கள். கோயில் கமிட்டித் தலைவர் ஐயாசாமிக்கு எழுபது வயது. அவர் நாற்பத்தாறு வயதுக்காரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. அவளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியதில் பாதி என் வேலை.

நான் சுபத்திரா. பாலர்பள்ளி டீச்சர். குளுவாங்கில் பிறந்தவள், காஹாங்குக்கு வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, பூர்வீகம் யாழ்ப்பாணம். அதனால் 'சிலோன்கார டீச்சர்' என்று முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பேர். மூக்குக்கு மேலே கோபம் வரும் டீச்சர் என்று இன்னொரு பேர். இரண்டும் உண்மைதான்.

பிரேமலா பிறந்தது மெர்சிங் போகும் சாலையில் இருந்த எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினாள். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவுக்குப் போனாள். அங்கிருந்து தினமும் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் பதினோரு வருடம் வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, நகத்தைவிடச் சின்னச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "கண்ணு போனது போகட்டும் டீச்சர், பஸ்ஸுல நின்னுக்கிட்டே தூங்கக் கத்துக்கிட்டேன்ல" என்பாள். அவள் வேடிக்கை எல்லாம் இப்படித்தான் இருக்கும். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நாம்தான் முழிக்க வேண்டும்.

புருஷன் வேலு குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். 2019 மழையில் தோட்டத்துச் சாலை சரிந்து லாரி கவிழ்ந்தது. உயிர் தப்பினார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி தப்பவில்லை. பிள்ளைகள் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பிரேமலா சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேலை வேண்டும் என்று அலைந்தாள். அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துப் பழைய உரக் கிடங்கில் காளான் பலகை செய்ய ஆரம்பித்தார்கள்.

அது சிவகணேசனுடைய யோசனை. ஜேபியிலிருந்து வந்த கட்டடக் கலைஞர், முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். சிமெண்டைக் கண்டாலே முகம் சுளிப்பார். "காட்டுல எது செத்தாலும் குப்பையா கெடக்குறதில்ல ஆண்ட்டி, இன்னொண்ணுக்கு வீடாயிடுது. நாம கட்டுறது மட்டும்தான் குப்பையா கெடக்கு" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். ஆண்ட்டி என்றதற்காக நான் அவரை மன்னிக்கவே இல்லை. ஆனால் ஆள் கெட்டிக்காரர்.

எண்ணெய் ஆலையில் பழத்தை உருவிய பிறகு வெறும் குலை மிஞ்சும். மலை மலையாகக் கிடந்து நாறும். அதை நாராகக் கிழித்து, ஆவியில் வேகவைத்து, ஆறியதும் காளான் விதையைக் கலந்து அச்சுப் பெட்டியில் அடைப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் காளானின் வெள்ளை இழை நாரெல்லாம் ஓடிப் பின்னிக் கட்டிப் பலகையாகிவிடும். பசை கிடையாது, ஆணி கிடையாது. இலேசானது, வெயிலை உள்ளே விடாது, சத்தத்தையும் உறிஞ்சும். வேண்டாம் என்றால் உடைத்து மரத்துக்கு உரமாகப் போடலாம்.

பிரேமலாவுக்கு அந்த வேலை கையோடு ஒட்டிக்கொண்டது. கெட்டுப்போன பெட்டியை மூடியைத் திறக்காமல் முகர்ந்தே சொல்லிவிடுவாள். விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டி, "இது இன்னும் ரெண்டு நாளு" என்பாள். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு ஓடி, வேலுவைப் புரட்டிவிட்டுத் திரும்புவாள். சிவகணேசன் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். அந்தத் தாமானில் அவளுக்கு அப்படி ஒரு வேலை வேறெங்கும் கிடைக்காது.

கடைசி வேலை ஓவன். இழை பின்னி முடித்த பலகை உயிரோடுதான் இருக்கும். தொண்ணூறு டிகிரியில் பத்து மணி நேரம் வைத்தால்தான் சாகும். சாகாவிட்டால் என்றைக்காவது ஈரம் பட்டதும் விழித்துக்கொண்டு காளான் விடும். அதற்கென்று ஒரு பதிவுத் தாள் உண்டு. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், செத்துவிட்டதா, யார் கையெழுத்து. இரண்டு வருடமாகக் கையெழுத்துப் போட்டது பிரேமலா.

2024 தைப்பூசத்துக்கு வேலுவுக்காகப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். நாற்பத்தெட்டு நாள் விரதம். நான் பார்த்த விரதங்களிலேயே அதுதான் முரட்டு விரதம். முட்டை வீட்டுக்குள் வரவில்லை. தரையில் படுத்தாள். கொசுவைக்கூடக் கொல்லக் கூடாது என்று கொசுவத்தியை நிறுத்திவிட்டாள். "ஏன் புள்ள, எனக்குக் காலு வர்றதுக்குள்ள கொசு என்னைத் தூக்கிட்டுப் போயிடும் போலிருக்கே" என்று வேலு படுக்கையிலிருந்து கத்துவது எனக்கு வாசலில் கேட்கும்.

அப்போது எங்கள் தாமானுக்கு ஒரு பொது மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் சிவகணேசனின் வரைபடம்தான். கரையான் புற்றைப் பார்த்து வரைந்தது. புற்றுக்குள் எவ்வளவு வெயிலடித்தாலும் குளுமையாக இருக்குமாம், சூடான காற்று மேலே இருக்கும் துளை வழியாக ஏறிப் போய்விடுமாம். அதே மாதிரி மூன்று உயரமான கூம்புகள் வைத்தார். ஏர்கோன் கிடையாது. சுவரெல்லாம் காளான் பலகை, மேலே மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. கட்டி முடிக்கும் முன்பே ஊர் அதற்குப் 'புற்று மண்டபம்' என்று பேர் வைத்துவிட்டது. பின்னறை என் பாலர்பள்ளிக்கு என்று முடிவாகியிருந்தது.

விரதத்தின் இருபதாம் நாள் வாக்கில், பின்னறைச் சுவருக்கான பலகைகளை அச்சிலிருந்து எடுத்தாள் பிரேமலா. உயிருள்ள பலகையில் சூடு இருக்கும். அது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு ஓவன் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறாள்.

"கையில வெதுவெதுன்னு இருந்துச்சு டீச்சர், குளிப்பாட்டின பிள்ளை மாதிரி. கொசுவைக் கொல்லாம இருக்கேன், இதைத் தூக்கி நெருப்புல வைக்கிறேனேன்னு தோணிச்சு. முருகன் என்ன நெனப்பான்? ஒரு உயிரைக் கேட்டுட்டு இன்னொரு உயிரை எடுக்கிறியேன்னு கேட்டா என்ன சொல்றது?"

ஓவனை நாற்பதில் வைத்தாள். இரண்டு நாள் ஓடவிட்டாள். பலகை காய்ந்தது, இலேசானது, தட்டினால் நல்ல சத்தம் வந்தது. உள்ளே இழை சாகவில்லை, தூங்கிற்று. தாளில் தொண்ணூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சுவருக்குள் போகிற பலகைக்கு ஈரம் எங்கிருந்து வரப்போகிறது என்று நினைத்திருக்கிறாள். விரதம் முடிந்ததும் மறுபடி தொண்ணூறுக்குப் போய்விட்டாள். அப்படிக் கொல்லாமல் விட்டது முப்பத்திரண்டு பலகை. முப்பத்திரண்டும் என் பிள்ளைகள் உட்காரும் அறைக்கு வந்து சேர்ந்தன.

மண்டபம் ஜூன் மாதம் திறந்தது. நவம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. கோத்தா திங்கியில் வழக்கம்போல் வெள்ளம். எங்களுக்கு வெள்ளமில்லை, ஆனால் மண்டபத்துக் கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியில் செம்பனை ஓலையும் சருகும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் பின்னறைச் சுவரில் இறங்கிற்று. பீலியைச் சுத்தம் பண்ணுங்கள் என்று ஐயாசாமியிடம் மூன்று தடவை சொன்னேன். "பாக்கலாம் டீச்சர்" என்றார். அந்தக் கமிட்டி எதையாவது பார்த்து நான் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. ஐந்து வயதுக் கவிஷா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், சுவத்துல பூ!"

சுண்ணாம்பு வெடித்த இடத்தில் பால் வெள்ளையில் ஒரு கொத்து. விசிறி விசிறியாக ஒன்றின் மேல் ஒன்று. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, காளானைப் பற்றிப் பாடம் நடத்தினேன். படம் வரையச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையும் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தது. கவிஷா இரண்டு தடவை பார்த்தாள். 

மறுநாள் நான் வரும்போது காளானுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது.

அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புற்று என்றால் அம்மன். மழை பெய்தால் புற்றில் காளான் வரும், அது அவள் வந்ததற்கு அடையாளம். இங்கே மண்டபமே புற்று மாதிரி நிற்கிறது. காளானும் வந்துவிட்டது. விரிந்த நாகப் படம் மாதிரி ஐந்து மடல் என்று ஐயாசாமி எண்ணிக் காட்டினார். நான் எண்ணியபோது ஏழு இருந்தது. யார் கேட்டார்கள்?

வாரக் கடைசிக்குள் மெர்சிங்கிலிருந்து வேன் பிடித்துக் கும்பிட வந்தார்கள். சுவருக்குப் பால் ஊற்றினார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஊற்ற ஊற்றக் காளான் பொங்கிற்று. ஊர் மெய்சிலிர்த்தது. என் வகுப்பை முன்னறைக்கு மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். கவிஷாவை மட்டும் அந்தப் பின்னறை விடவில்லை.

கவிஷாவுக்கு மூச்சிழுப்பு. பிறந்ததிலிருந்தே. அப்பா திருச்செல்வம் லாரி டிரைவர். வீட்டில் மருந்துப் புகை போடும் மெஷின் வைத்து, இரவெல்லாம் பிள்ளையின் முகத்தில் முகமூடியைப் பிடித்துக்கொண்டு உட்காரும் மனிதன். அவர் போகாத கிளினிக் இல்லை. அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத்தான் அம்மன் முதலில் தெரிந்தாள் என்றதும் அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. நாற்பத்தெட்டு நாள் அம்மன் காலடியில் பிள்ளையை உட்காரவைப்பதாக வேண்டிக்கொண்டார். தினமும் சாயங்காலம் கவிஷா அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். தலையில் வெள்ளைப் பொடி உதிரும். திருச்செல்வம் அதைத் தொட்டு அவள் நெற்றியில் பூசுவார்.

பிரேமலா அந்த ஒரு வாரமும் மண்டபத்துப் பக்கம் வரவில்லை. வேலுவுக்குக் காய்ச்சல். எட்டாம் நாள் வந்தாள். சுவரைப் பார்த்தாள், அதில் சாய்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தாள்.  நேரே என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, நாற்பது டிகிரியையும் முப்பத்திரண்டு பலகையையும் சொன்னாள்.

"ஏன்டி என்கிட்ட வந்து சொல்ற?" என்றேன்.

"நீங்கதான் திட்டுவீங்க. மத்தவங்க பரவால்லம்பாங்க."

திட்டினேன். வாய் வலிக்கும் வரை திட்டினேன். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. முடித்ததும் சொன்னாள். "அந்தப் பொடி காளானோட விதை டீச்சர். ஒர்க்‌ஷாப்ல ஒரு பெட்டி பூத்துட்டாக்கூட மாஸ்க் போடாம உள்ள போகமாட்டோம். என்கூட வேலை செஞ்ச செல்லம் அக்காவுக்கு நெஞ்சு போனது அதாலதான். ஆரோக்கியமான பொம்பள அவங்க. இந்தப் புள்ளைக்கு ஏற்கெனவே மூச்சு இல்ல. அந்தச் சுவத்துல சாஞ்சிருந்தா செத்துப் போயிடும்."

"சொன்னா உன் வேலை போயிடும்."

"தெரியும்."

"வேலுவை யாரு பாக்குறது?"

அவள் வாசலுக்குப் போய் சிவகணேசனுக்குப் போன் போட்டாள்.

அவர் மறுநாளே ஜேபியிலிருந்து ஓடிவந்தார். சுவரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, ரெண்டு வருஷமா உங்க கையெழுத்தை நம்பித்தானே எல்லாரும்..." என்று தொடங்கிப் பாதியிலேயே விட்டார். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று மெதுவாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டேன். பலகைகளைப் பிரித்தெடுக்க நான்கு ஆட்களோடு வந்திருந்தார். ஐயாசாமியும் இருபது பேரும் சுவருக்கு முன்னால் கை கோத்து நின்றார்கள். "அம்மா மேல கை வச்சா நடக்குறதே வேற!" என்று ஐயாசாமி கத்தினார். கட்டடம் கமிட்டியின் பேரில் இருந்தது. சிவகணேசன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

ஆக, வேலை போயிற்று, சுவர் நின்றது, பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பூசையில், கூட்டத்துக்கு நடுவில் பிரேமலா எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். 

"தலைவரே, எல்லாரும் மன்னிக்கணும். இது சாமி இல்ல. நான் செஞ்ச தப்பு. விரதத்துல இருந்தேன், உயிரைக் கொல்ல மனசு வரல. ஓவனைக் கொறைச்சு வச்சேன். பலகை சாகல. ஈரம் பட்டதும் முளைச்சிருச்சு. திருச்செல்வம் அண்ணே, பாப்பாவை எடுத்துட்டுப் போங்கண்ணே. அந்தப் பொடி நெஞ்சுக்கு ஆகாது."

 அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்து நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். ஐயாசாமிக்கோ கண்ணில் தண்ணீர்.

"விரதத்துல இருந்தியா தாயி?"

"ஆமா."

"கொல்ல மனசு வரலையா?"

"ஆமா தலைவரே, அதான் சொல்றேன்..."

"இவ கைல வந்து பொறந்திருக்கா பாருங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "நெருப்புக்குப் போக வேண்டியவளை இவ விரதம் காப்பாத்தியிருக்கு! எத்தனை வருஷமா எத்தனை பலகை வெந்துச்சு? இது மட்டும் ஏன் வேகல?"

அலமாக், ஐயோ!  குலவை கிளம்பிற்று. யாரோ அவள் கழுத்தில் மாலை போட்டார்கள். திருச்செல்வம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கவிஷாவைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் காலில் விழுந்தார். பிள்ளையின் நெஞ்சு விசில் அடித்தது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. பிரேமலா மாலையும் கழுத்துமாகப் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதாள். அதையும் பக்தி என்றுதான் நினைத்தார்கள்.

அன்றைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது நான்தான் சொன்னேன். சொன்னது நான்தான். அதை எங்கேயும் மறைக்கமாட்டேன்.

"நெசத்தைச் சொன்னே, கேக்கல. பொய்யைச் சொல்லு."

"என்ன டீச்சர்?"

"உன்னைத்தான் இப்ப எல்லாம்னு நெனைக்கிறாங்க. அருள் வந்த மாதிரி ஆடு. என்னை இங்கேருந்து எடுத்துடுங்கன்னு அம்மன் சொல்றதா சொல்லு. அரை மணி நேரத்துல சுவத்தைப் பிரிச்சிடுவாங்க."

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். "ஒரு தடவ பொய் எழுதுனதுக்குத்தான் இது எல்லாம். மறுபடியுமா? அதுவும் அவ பேருலயா? எங்கம்மாவுக்கு அருள் வரும் டீச்சர். சின்ன வயசுல பாத்திருக்கேன். அது வெளையாட்டில்ல."

"பிள்ளை செத்தா அது வெளையாட்டா?"

கொடூரமாகத்தான் கேட்டேன். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

புதன்கிழமை கவிஷாவுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரண்டு நாள் ஆக்சிஜன். தூசி, பூஞ்சை, ஈரச்சுவர் எதன் பக்கமும் விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னது திருச்செல்வத்தின் காதில் விழத்தான் விழுந்தது. ஆனால் அவருக்கு வேறு கணக்கு. புதன்கிழமை மழையென்று பிள்ளையை அவர் மண்டபத்துக்குக் கூட்டிப்போகவில்லை. வேண்டுதல் ஒரு நாள் விட்டுப்போயிற்று, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று நம்பினார். வெள்ளிக்கிழமை மாலை ஆஸ்பத்திரியில் பேர் வெட்டி விடுவித்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மண்டபத்துக்கு வந்தார். கையில் ஊசி குத்திய பஞ்சோடு பிள்ளையைச் சுவரோரம் உட்காரவைத்தார்.

உறுமி மேளம் அடித்துக்கொண்டிருந்தது. நான் பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். என் கையிலிருந்து பிடுங்கி மறுபடி உட்காரவைத்தார். "டீச்சர், உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா வெளிய போங்க. என் பிள்ளை உயிரோட வெளையாடாதீங்க" என்றார், அழுதுகொண்டே.

அப்போதுதான் பிரேமலா கத்தினாள்.

அந்தச் சத்தம் மேளத்துக்கு மேலே கேட்டது. தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். உடம்பு உதறிற்று. கூட்டம் விலகி வழி விட்டது. சுவருக்கு முன்னால் போய் நின்று, ஐயாசாமியைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"என்னை ஏண்டா அடைச்சு வச்சிருக்கீங்க? புள்ளைங்க படிக்கிற எடத்துல எனக்கு என்னடா வேலை? எனக்குக் கூரை எதுக்கு? வானம் பத்தாதா?"

"தாயே, சொல்லு தாயே" என்று ஐயாசாமி கற்பூரத்தோடு விழுந்தார்.

"ஆத்துக்குக் கொண்டு போங்கடா. இன்னிக்கே. இந்தச் சுவத்துல ஒரு துண்டு மிச்சம் இருக்கக் கூடாது. இந்தப் புள்ள இனிமே இங்க உக்காரக் கூடாது. டாக்டரு சொல்றதைக் கேளுடா! டாக்டரை அனுப்புனது யாருன்னு நெனச்ச?"

கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு ஒரு விநாடி சந்தேகம் வந்துவிட்டது. நான் சொல்லிக்கொடுத்ததில் அது இல்லை. திருச்செல்வம் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அது போதும் என்றிருந்தது எனக்கு.

அன்றிரவே முப்பத்திரண்டு பலகையையும் பெயர்த்து, மஞ்சள் துணி போர்த்தி, மேளத்தோடு காஹாங் ஆற்றில் விட்டார்கள். சிவகணேசன் ஆட்கள் பிரிக்க வந்தபோது கை கோத்து நின்ற அதே இருபது பேர்தான் பலகைகளைத் தலையில் சுமந்தார்கள். அடுத்த வாரம் சிவகணேசன் புதுப் பலகை கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றையும் தானே ஓவன் பக்கத்தில் உட்கார்ந்து வேகவைத்தாராம். பீலியைச் சுத்தம் பண்ணியது நான், ஏணி போட்டு ஏறி. கவிஷா மெஷின் இல்லாமல் தூங்கத் தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. அம்மா வாக்குப் பலித்துவிட்டது என்கிறது ஊர். இப்போது பிரேமலா வீட்டு வாசலில் வாக்குக் கேட்க ஆட்கள் நிற்கிறார்கள்.

அருள் ஆடிய மறுநாள் மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சமையல்கட்டில் என்னை நிறுத்தி வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒண்ணுமே வரல டீச்சர். ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு. நானாத்தான் பேசுனேன்."

"பிள்ளை பொழைச்சுதுல்ல?"

"பொழைச்சுது."

வேலுவைப் புரட்டும் நேரம். வாளியில் வெந்நீரும் துண்டும் எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போனாள், நான் பின்னால் போனேன். வேலு எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. படுத்தபடியே இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"நீங்க தொடாதீங்க" என்றார், கட்டிய பெண்டாட்டியிடம். "அசிங்கமெல்லாம் நீங்க தொடக் கூடாது. வேற யாரையாச்சும் கூப்பிட்டுக்கலாம்."

"லூசு மாதிரி பேசாதீங்க" என்று அவரைப் பக்கவாட்டில் புரட்டினாள். துண்டைப் பிழிந்து முதுகைத் துடைத்தாள். அவர் முகம் சுவரைப் பார்த்து இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"பிரேமா, அவ உன்மேல வந்தப்போ, என் காலைப் பத்திக் கேட்டியா?"

அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள்.  பிள்ளைக்காகச் சொன்ன பொய்யை இவரிடம் உடைத்தால் தாமான் முழுக்கத் தெரிந்துவிடும். திருச்செல்வம் மறுபடி என்ன செய்வார் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"கேட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னா?"

"பொறுமையா இருக்கச் சொன்னா."

"எத்தனை நாளைக்கு? ஒரு மண்டலமா? நாப்பத்தெட்டு நாளா?"

பிரேமலா துண்டை வாளியில் முக்கினாள். அந்த மௌனத்தை வேலு ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். படுக்கைக்குப் பக்கத்தில் நாட்காட்டி மாட்டச் சொல்லி என்னைத்தான் கேட்டார். மாட்டிக் கொடுத்தேன். தினமும் ஒரு கோடு போடுகிறார். இன்றைக்கு முப்பத்தொன்றாம் நாள்.